வியாழக்கிழமை வாறவர்

மே 7, வியாழன்

வெக்கை. காலமை எட்டு மணிக்கே சேர்ட் நனைஞ்சிட்டுது. மழை வாற மாதிரி இருட்டினது, பிறகு பேசாமப் போயிட்டுது.

வாங்க: குளிசை (28), பற்பசை, அக்காவுக்குக் கறிவேப்பிலை, குழுவுக்குச் சீனி.

பின்னேரம் ஹெவ்லொக் டவுன் பின்னறையில குழு. ஏழு பேர். ஒராள் புதுசு. அவவுக்கு வழமையான பிரசங்கம்: இங்க டொக்டர் இல்ல, நேர்ஸ் இல்ல, எல்லாரும் மருந்து எடுக்கிற ஆக்கள்தான். எனக்கு பைபோலர், பதினொரு வருஷம், ரெண்டு தரம் வார்ட்டில கிடந்தனான், இதில வெக்கப்பட ஒண்டுமில்ல. நல்லாச் சொன்னன். அவ அழுதவ.

மாளிகாவத்தை நவாஸ் ரோல்ஸ் கொண்டந்தான். வெள்ளவத்தையில ஒரு பிடவைக் கடையில சேல்ஸ் வேலையாம், ஆறு கிழமை முடிஞ்சுதாம். முப்பத்திமூண்டு வயசில முதல் நிரந்தர வேலை. எல்லாரும் கை தட்டினம். "கடையில சொல்லணுமா அண்ணன்?" எண்டு கேட்டான். உங்கட விஷயம், நீங்கள் விரும்பேக்க சொல்லுங்கோ, அதுமட்டும் கேக்க ஒருத்தருக்கும் உரிமை இல்ல எண்டன்.

சுவரில ஒட்டியிருக்கிற விதி, என்ர கையெழுத்து: குழு ஆளை வெளியில கண்டால் நடத்துறவர் முதல்ல சிரிக்கிறேல்ல. மற்றவர் சிரிச்சால்தான் சிரிக்கிறது.

மே 9, சனி

எழுத விருப்பமில்ல. எழுதுறன்.

அக்காவின்ர மகள் துஷிக்குக் கூறைச் சேலை எடுக்கப் போனது. நான், அக்கா, துஷி, மாப்பிள்ளையின்ர தாய் (ரொறன்ரோவில இருந்து வந்தவ). கலியாணம் ஆவணியில. வெளிக்கிட முதல் அக்கா குசினிக்குள்ள கூப்பிட்டு, "தம்பி, குளிசைப் பெட்டியை அலுமாரிக்குள்ள வைச்சிட்டியே? அவ திரும்பி இங்க ரீ குடிக்க வருவா" எண்டவ. வைச்சிட்டன் எண்டன். சம்பந்தம் பேசேக்க, குடும்பத்தில விசர் கிசர் இருக்கோ எண்டு அவை ஆள் விட்டு விசாரிச்சவை. அக்கா இல்லவே இல்ல எண்டு சொன்னவ. அதுவும் எனக்குத் தெரியும்.

கடை முதலாளி அந்தம்மாவின்ர ஊர்க்காரர். அதாலதான் அந்தக் கடை. தானே வந்து காஞ்சிபுரம் விரிச்சுக் காட்டினார்.

மற்றப் பக்கத்தில நவாஸ் சேர்ட் பீஸ் மடிச்சுக்கொண்டு நிண்டான். கண்டவன், உடன தலையைக் குனிஞ்சிட்டான். விதிப்படி நானும் தெரியாத மாதிரி நிண்டிருக்க வேணும். நான்தான் சிரிச்சன். விசரன் நான். சும்மா வாய் தானாச் சிரிச்சிட்டுது.

பொடியன் முகம் மலர்ந்து ஓடி வந்தான். "அண்ணன், வியாழக்கிழமை வருவீங்கதானே?"

"வியாழக்கிழமை என்ன?" எண்டு அந்தம்மா கேட்டவ. சும்மா, சிரிச்சுக்கொண்டு.

ஆயிரம் பதில் இருந்தது. கோயில் எண்டிருக்கலாம். கிரிக்கெற் எண்டிருக்கலாம். நான் சொன்னது: "மனநோய் உள்ள ஆக்களுக்கு ஒரு கூட்டம் நடக்கிறது. நான் போய் உதவி செய்யிறனான். இவர் அங்க வாறவர்."

பச்சைப் பொய்கூட இல்ல. அதுதான் கோதாரி.

"அட, நல்ல சேவை தம்பி" எண்டவ அந்தம்மா. முதலாளி சேலையை அப்பிடியே பிடிச்சபடி நவாஸைப் பார்த்தார். மேலயும் கீழயும். நவாஸ் "சரி அண்ணன்" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பப் போய், மடிச்ச துணியை விரிச்சுத் திரும்ப மடிச்சான்.

கூறை: அரக்குச் சிவப்பு, தங்கக்கரை. எல்லாருக்கும் பிடிச்சுது.

மே 10, ஞாயிறு

சாப்பிடேல்ல. வயிறு சரியில்ல எண்டு அக்காவிட்டச் சொன்னன்.

நவாஸுக்கு ஐஞ்சு தரம் ரெலிபோன் எடுத்தன். எடுக்கேல்ல.

அக்கா: "நேற்று நல்லாச் சமாளிச்சாய்டா. அவ ராத்திரி எடுத்து, உங்கட தம்பி சமூக சேவையாளர், எங்களுக்குப் பெருமை எண்டவ." நான் குளியலறைக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு இருந்தன். சீ, எண்டு எனக்கே கேக்கச் சொன்னன். நாலு வருஷமா ஒவ்வொரு வியாழனும் வெக்கப்படாதேங்கோ எண்டு சனத்துக்குப் படிப்பிச்ச ஆள்.

மே 11, திங்கள்

அச்சகத்தில அரை நாள். ஒரே பக்கத்தை மூண்டு தரம் புரூப் பார்த்தன், ஒண்டும் ஏறேல்ல.

திரும்பேக்க கடைக்குள்ள போனன். முகம் துடைக்கிற லேஞ்சி வாங்குற சாட்டு. நவாஸ் இல்ல. காசாளர் பிள்ளையிட்டக் கேட்டன். மெதுவாச் சொன்னவ: "அவரை வீட்ட நிக்கச் சொல்லியாச்சு. டொக்டரிட்டக் கடிதம் கொண்டந்தாப் பாப்பம் எண்டவர் முதலாளி. கத்தரிக்கோல் எல்லாம் இருக்கிற இடமாம்."

கத்தரிக்கோலாம்.

லேஞ்சி மூண்டு. வெள்ளை.

மே 12, செவ்வாய்

செய்யக்கூடியது:
1. டொக்டரிட்டக் கடிதம் எடுத்துக் குடுக்கிறது. (அவனே எடுப்பான். அதுக்கு நான் எதுக்கு?)
2. முதலாளிக்கு ரெலிபோன், நவாஸ் நல்லவர் எண்டு. (திரும்பவும் சமூக சேவையாளர்.)
3. நேர போய் நானும் அதே ஆள்தான் எண்டு சொல்லுறது.
4. பேசாம இருக்கிறது.

மூண்டாவதை அக்காவிட்டச் சொன்னன். சொதிச் சட்டியை இறக்கி வைச்சிட்டு நிண்டா. "முதலாளி மாப்பிள்ளையின்ர தாயின்ர ஊர்டா. நீ கடைப்படி இறங்க முதல் அவவுக்குக் கதை போயிடும். ஆவணி மட்டும் பொறன். மூண்டு மாசம். பிறகு நீ றேடியோவிலயும் சொல்லு."

கோவமா வந்தது. ஆனா இவதான் நான் வார்ட்டில கிடந்த ஐஞ்சு கிழமையும் பஸ் ஏறி இடியப்பம் கொண்டந்தவ. கையைப் பிடிச்சு வாயில தீத்தினவ. என்னெண்டு கத்துறது?

மேசையில ரவிக்கை அளவு எழுதிக்கொண்டிருந்த துஷி தலையைத் தூக்காமக் கேட்டாள்: "மாமா, அப்ப அவருக்கு இப்ப வேலை இல்லையோ?"

அக்கா சொதிச் சட்டியைத் திரும்ப அடுப்பில வைச்சா.

மே 13, புதன்

ஒருவழியா மழை. மாளிகாவத்தை. மாடி வீடு, நாலாம் தட்டு. மூச்சு வாங்கினது படியாலயோ பயத்தாலயோ தெரியேல்ல.

நவாஸின்ர உம்மா கதவு திறந்தவ. "வாங்க தம்பி, ஒங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவான்" எண்டு கதிரையைத் துடைச்சுவிட்டவ. இவவுக்கு ஒண்டும் தெரியாது. வேலைக்கு லீவு எண்டு சொல்லி வைச்சிருக்கிறான்.

உம்மா உள்ள போகமட்டும் பொறுத்து, நவாஸிட்ட மன்னிச்சுக்கொள்ளும் எண்டன்.

"நீங்க பொய் சொல்லல்லயே அண்ணன். நான் அங்க வாறவன்தானே."

என்ர நனைஞ்ச குடையை வாங்கிக் கதவடியில வைச்சான்.

"ஆனா ஒங்களையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்" எண்டான். "ரெண்டு பேரெண்டா எனக்கு அவ்வளவு வெக்கமா இருந்திருக்காது."

பிறகு உம்மா பிளேன்ரீ கொண்டந்தவ. குடிச்சன். எப்பிடிக் குடிச்சனோ.

மே 14, வியாழன்

காலமைக் குளிசை போட்டன். இஸ்திரி போட்ட சேர்ட். கடை திறந்து பத்து நிமிஷத்தில போயிட்டன், பிந்தினால் திரும்பிடுவன் எண்டு.

முதலாளி, "வாங்கோ தம்பி, கூறையில ஏதும் பிழையோ?" எண்டார்.

கூறையில ஒண்டுமில்ல, என்னிலதான் எண்டன். சனிக்கிழமை நான் அரைவாசிதான் சொன்னனான். நான் அங்க உதவி செய்யப் போறவன் மட்டுமில்ல, நானும் வருத்தக்காரன். நவாஸ் எடுக்கிற மாதிரித்தான் நானும் ராத்திரியும் காலமையும் குளிசை எடுக்கிறன். காசாளர் பிள்ளை காசு எண்ணுறதை விட்டிட்டுப் பார்த்தது.

"நீங்களோ? பார்த்தால் தெரியேல்லயே."

"அவரையும் ஆறு கிழமையா உங்களுக்குத் தெரியேல்லத்தானே. ஒரு நாள் பிந்தி வந்தவரோ? ஒராளோட கோவிச்சவரோ?"

மனுசன் அளவுகோலை ஒருக்கா உருட்டினார். "இல்ல" எண்டார். பிறகு, "சரி, சனிக்கிழமை வரச் சொல்லுங்கோ. கடிதம் வேண்டாம்."

நன்றி சொல்லித் திரும்பினன். கூப்பிட்டார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. மாப்பிள்ளையின்ர அம்மாவிட்ட இதை நான் மறைக்கேலாது. நாளைக்கு என்னைத்தான் கேப்பினம்."

"ஓம். சொல்லுங்கோ" எண்டன்.

வெளியில வந்து நவாஸுக்கு எடுத்தன். இந்த முறை எடுத்தான். சனி வரட்டாம் எண்டன். மூக்கை உறிஞ்சின சத்தம் கேட்டுது.

அக்காவிட்ட இன்னும் சொல்லேல்ல. வந்து பகல் சாப்பிட்டன், மீன் குழம்பு, நல்லாயிருக்கு எண்டன், வாய் அதோட நிண்டிட்டுது. அவவுக்கு முதல்ல சொல்லியிருக்க வேணும். இதிலயும் கோழை. துஷியின்ர வாழ்க்கையில கை வைச்சிட்டு அறைக்குள்ள வந்து கொப்பி எழுதுறன்.

3.40. அக்காவின்ர ரெலிபோன் அடிச்சது. மாப்பிள்ளையின்ர தாய்தான். "ஓம் அக்கா, சொல்லுங்கோ, சாப்பிட்டாச்சோ?" சிரிச்சுத்தான் தொடங்கினவ.

இப்ப சத்தமில்ல. கேட்டுக்கொண்டு நிக்கிறா. நிழல் கதவுக்குக் கீழ தெரியுது, அசையேல்ல.



"ஓம் அக்கா. உண்மைதான்." குரல் உடைஞ்சிருக்கு. "நான்தான் மறைச்சனான். அவன் என்ர தம்பி."

அவ அங்க தனிய நிண்டு சொல்லுறா. நான் இங்க கதவைச் சாத்திப்போட்டு, பேனையோட. எழும்படா. எழும்பிப் போய்ப் பக்கத்தில நில்லு.