ஃப்ரிட்ஜ் திறக்காத காலை

பெர்கன், நார்வே

அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் ஊர் பானெவெஜிஸில் பனி விழ ஆரம்பித்துவிட்டதா? இங்கே மழைதான். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

வீடுகளில் கருவி பொருத்தும் வேலை குவிகிறது. முன்பெல்லாம் விளக்கைப் போனிலேயே அணைக்க வேண்டும் என்பார்கள். இப்போது எல்லோருக்கும் தனியாக இருக்கும் அப்பா அம்மாவைக் கவனிக்கும் கருவிதான் வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவோம். காலையில் கதவு திறக்காவிட்டால் பிள்ளையின் போனுக்குச் செய்தி போகும்.

செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை. தோர்லைஃப் என்ற முதியவர் வீட்டிலிருந்து ஓஸ்லோவில் இருக்கும் மகனுக்குச் செய்தி போயிருக்கிறது. மகன் தான் வராமல், எங்கள் கம்பெனியிடம் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டார். பதறிக்கொண்டு ஓடினேன். தோர்லைஃப் இஸ்திரி போட்ட சட்டையில், சுடச்சுட வாஃபிளும் இரண்டு காப்பிக் கோப்பையுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன தோர்லைஃப், ஃப்ரிட்ஜைத் திறக்கலையா நீங்க?"

"பால், வெண்ணெயெல்லாம் நேத்தே எடுத்து ஜன்னல்ல வச்சுட்டேன். திறக்கலன்னா பையன் வருவான்ல?"

"செய்திதான் போகும்."

"போச்சு, நீ வந்துட்ட. உட்காருப்பா, ஆறிடப்போகுது."

சாப்பிட்டேன். மகனுக்கு வைத்திருந்த காப்பியையும் குடித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு விடுமுறை இல்லை என்றுவிட்டார்கள். பண்டிகை இரவில், வர முடியாத எனக்காக மேசையில் வைக்கும் தட்டைச் சீக்கிரம் எடுத்துவிடாதீர்கள். முடிந்தால் நம் கறுப்பு ரொட்டி ஒன்று அனுப்புங்கள்.

இத்துடன் அந்தக் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். கம்பெனி வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன். தினமும் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்துவிடுங்கள் அம்மா. திறக்காமல் இருந்து பார்த்துவிடாதீர்கள். செய்தி எனக்கு வரும், வரத்தான் ஆளில்லை.

உங்கள் ரிம்விதாஸ்