சாம்பார் இல்லாத தோசை

இன்று காலை வாலிகண்டபுரத்தில் ஒரு ஓட்டல் அடுப்படியைச் சோதிக்கப் போயிருந்தேன். கொதிக்கிற சாம்பாரில் மாஸ்டர் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றினார். அந்த வாசனையில், நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நீ சிரிப்பது கேட்டது.

அப்போது நமக்குக் கல்யாணமாகி இரண்டாவது மாதம். பெரம்பலூரில் புடவை எடுத்துவிட்டு வெளியே வந்ததும் சொன்னாய்: "ஏங்க, உங்ககூட ஓட்டல்ல ஒக்காந்து ஒரு தோசை திங்கணும். அவ்ளோதான் என் ஆச."

சின்ன ஆசைதான். ஆனால் சுகாதார இன்ஸ்பெக்டரான எனக்கு எந்த ஓட்டலில் நுழைந்தாலும் கால் நேராக அடுப்படிக்குத்தான் போகும். பார்த்தபின் சாப்பிட மனசு வராது. முதல் ஓட்டலில் மாவுச்சட்டி திறந்து கிடந்தது. இரண்டாவதில் தண்ணீர்த் தொட்டியில் பாசி. இரண்டிலிருந்தும் உன்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

மூன்றாவது ஓட்டல் வாசலில் நீ நின்றுவிட்டாய். "உள்ள எட்டிப் பாத்தீங்கன்னா, நான் வேப்பந்தட்டை பஸ் ஏறி அம்மா வூட்டுக்குப் போயிட்டே இருப்பேன்."

நேரே போய் உட்கார்ந்தேன். வினையே அதில்தான் வந்தது. அடுப்படிக்குப் போகாமல் நான் பெஞ்சில் உட்கார்ந்து அந்த முதலாளி பார்த்ததே இல்லை. பரிசோதனைக்குச் சாம்பிள் எடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பின்பக்கம் அண்டா கவிழ்கிற சத்தம். வெறும் தோசைகள் வந்தன.

"சாம்பார் எங்கண்ணே?" என்று கேட்டாய்.

"தீந்துபோச்சும்மா" என்றார் முதலாளி, வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

உள்ளேயிருந்து மாஸ்டர் கத்தினார்: "தீரல தாயி, சாக்கடையில ஊத்திட்டாரு! ஒரு அண்டா! காலையிலேருந்து நானே இன்னும் ஒரு வாய் திங்கல!"

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "பயப்படாதீங்கண்ணே, இவரு இன்னிக்கு என் புருசன் மட்டுந்தான்" என்றாய். முதலாளியும் சிரித்துவிட்டார். மிளகாய்ப்பொடியில் எண்ணெய் குழைத்து ஆளுக்கு இரண்டு தோசை தின்றோம். காரத்தில் உன் மூக்கு சிவந்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் பிடித்துக்கொண்டாய்: "மூடி இருக்கான்னு பாக்குறீங்க, ஈ மொய்க்குதான்னு பாக்குறீங்க. ஆக்குற மனுசன் தின்னானான்னு என்னிக்காச்சும் கேட்டீங்களா?"

அன்றிலிருந்து எந்த அடுப்படியைச் சோதித்தாலும் கிளம்புமுன் அதைக் கேட்டுவிடுகிறேன். நீ கண்ணை மூடிய பிறகு, இந்த நான்கு மாதமாக, வாய்ப்பழக்கத்தில்தான் கேட்டுவந்தேன். இன்று வாலிகண்டபுரத்து மாஸ்டர் திருப்பிக் கேட்டார்: "நான் சாப்ட்டேன் சார். நீங்க?"

இல்லை என்று தலையாட்டினேன். பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்து, உப்புமா வைத்தார். நான்கு மாதமாக எதைத் தின்றாலும் மண்ணாகத்தான் இருந்தது எனக்கு.

ஒரு வாய் அள்ளிப் போட்டேன். "உப்பு கூடிப்போச்சே" என்றேன்.