அய்யாதுரை திங்கட்கிழமைதான்

மயிலாப்பூர்,
4 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாலு எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்டால் நீ என்ன எழுதுவாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் அம்மா கேட்கச் சொன்னாள்.

முதலில் நான் போட்ட சண்டையைச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்ட சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு கைடை லஸ் முனையில் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்தேன். யாரோ ஜெராக்ஸ் எடுத்துச் சுருள் கம்பி போட்டு வைத்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஜெயிலுக்கு உன்னைப் பார்க்க மனு போட வந்தேன். வாசலில் இருந்த காவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கம்பி கீதும்மா, உள்ள போகாது" என்றார். வெளியே போய்க் கம்பியைப் பிரித்து எடுத்துவிட்டு மறுபடி வந்தேன். "இது இன்னா, தாள் தாளா கீது? புக்குன்னா அட்டை இருக்கணும், தையல் இருக்கணும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தெச்சி எடுத்துனு வரேன் சார், பொத்தானும் வெக்கட்டா?" என்று கேட்டுவிட்டேன். மனு நேரம் முடிந்துவிட்டது என்று உன்னையும் பார்க்க விடாமல் அனுப்பிவிட்டார்கள். அம்மா என்னைத் திட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

ஆகவே கைடை நானே கையால் எழுதி அனுப்பப்போகிறேன். தேர்வில் நிறைய வருவது யார் எங்கே, யார் எந்த நாள் என்கிற புதிர்கள்தானாம், கடிதத்துக்கு ஒன்றிரண்டு. உஸ்மான் ரோடு துணிக்கடையில் பில் போட்டுப் போட்டு என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி ஆகிவிட்டது, பொறுத்துக்கொள். உன் கடிதமும் என் கடிதமும் அங்கே அதிகாரி படித்து முத்திரை குத்தித்தான் போகும் என்கிறார்கள். படிக்கட்டும். அவருக்கும் கொஞ்சம் மூளை வேலை செய்யட்டும்.

நமக்கு இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் ரூபீனா மேடம் நல்ல மாதிரி. மார்ச்சில் இரண்டு மனு போடப்போகிறார். ஒன்று ஜாமீனுக்கு, இன்னொன்று மே மாதத் தேர்வை எழுத உன்னை அனுமதிக்க. "உங்க அண்ணன் ஆட்டோவுல ஏறின ரெண்டு பேர்கிட்ட கத்தி இருந்தது அவருக்குத் தெரியாதுன்னு நாம நிரூபிக்க வேணாம்மா. தெரியும்னு அவங்கதான் நிரூபிக்கணும்" என்றார். அதைக் கேட்ட அன்றுதான் அம்மா இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள்.

இரண்டு புதிர் தனித்தாளில் இருக்கிறது.

உன் தங்கை,
மாலு

17 ஜனவரி 2024

அன்புள்ள மாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. பொத்தான் விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்தில் படுத்திருந்தவர் எழுந்து, "ஜாமீன் வந்துச்சா?" என்று கேட்டார். இங்கே சிரிப்பதற்கு வேறு காரணம் கிடையாது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் எங்களை வீடியோ அறையில் வரிசையாக உட்காரவைத்தார்கள். திரையில் ஜட்ஜ் ஐயா. என் முறை அரை நிமிஷம்கூட இல்லை. அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். "பதினஞ்சு நாள், எழுந்திரு" என்றார்கள். இப்படிக் காவலை நீட்டுவது இது ஐந்தாவது தடவை. என் வாழ்க்கையைப் பற்றி ஒருவர் பேசுகிறார், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. சட்டம் படிக்க வேண்டும் என்று நான் கேட்பது பெரிய ஆள் ஆவதற்கு இல்லை, மாலு. அந்த வாய் அசைவு புரிய வேண்டும், அவ்வளவுதான்.

உன் புதிர் இரண்டையும் போட்டுவிட்டேன். இங்கே வந்த பிறகு ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்தது இதுதான் முதல் தடவை. போலீஸ் கேட்ட எதற்கும் எனக்குத் தெரியவில்லை. இதற்குத் தெரிந்தது.

ஒரே ஒரு கஷ்டம். கைடில் P, Q, R, S என்று போட்டிருக்கிறான். எழுதிப் பார்க்கத் தாள் கிடைப்பதில்லை, மனசுக்குள்ளேயே கட்டம் போட வேண்டியிருக்கிறது. P யாரென்றே எனக்குத் தெரியாது. அவனைத் திங்களில் உட்காரவைத்தால், Q-வைப் பார்ப்பதற்குள் எழுந்து போய்விடுகிறான். அடுத்த தடவை நம் தெருக்காரர்கள் பேராகப் போட்டு எழுது. முகம் தெரிந்தால் பிடித்து உட்காரவைத்துவிடலாம். தெருவையும் ஒரு தடவை பார்த்த மாதிரி இருக்கும்.

பொங்கலுக்கு இங்கேயும் பொங்கல் போட்டார்கள் என்று அம்மாவிடம் சொல். நன்றாக இருந்தது என்றும் சொல்.

அன்பு அண்ணன்,
சாய்

2 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணா,

நீ கேட்டபடியே தெருவையே கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். எல்லாரும் வந்திருக்கிறார்கள், மரியாதையாக உட்காரவை.

தெருமுனை தண்ணீர்த் தொட்டிக்கு லாரி வரும்போது ஒருவர் காவல் நிற்க வேண்டும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நான்கு நாள். நாளுக்கு ஒருவர். நிற்பவர்கள் அய்யாதுரை அண்ணன், தேவானை அக்கா, மீனாட்சி டீச்சர், நம் அம்மா. அய்யாதுரை அண்ணனுக்கு மறுநாளே மீனாட்சி டீச்சர் நிற்பார். அம்மா நின்ற பிறகுதான் தேவானை அக்கா நிற்பாள் (தொட்டி விஷயத்தில் அவர்கள் சண்டை உனக்குத் தெரியும்). அம்மா திங்கட்கிழமை வரமாட்டாள். அப்படியானால் அய்யாதுரை அண்ணன் தனியாக நிற்பது எந்த நாள்?

நிஜத்திலும் தெரு அப்படியேதான் இருக்கிறது. தேவானை அக்கா நம் வாளியை இன்னும் நகர்த்தி வைக்கிறாள். மீனாட்சி டீச்சர் உன்னைப் பற்றிக் கேட்டு அழுதார். அய்யாதுரை அண்ணன்தான் ஒரு மாதிரி. இஸ்திரி வண்டியில் என் கடைச் சீருடையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், தேய்த்துத் தருகிறார். ஆனால் முகம் பார்த்துப் பேசுவதில்லை. முன்பெல்லாம் "இன்னா மாலு, கல்யாணப் பொண்ணு மாதிரி மடிப்பு வெச்சிக்கீறேன், பாரு" என்பார். கொலை வழக்கில் பேர் அடிபட்ட வீடு என்று விலகுகிறாரோ என்னவோ. போகட்டும்.

அம்மா பள்ளிக்கூடத்து ஆயா வேலைக்கு மறுபடி போகிறாள். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்காமல் இருப்பதே பாரமாக இருக்கிறது என்கிறாள்.

உன் மாலு

12 பிப்ரவரி 2024

என் மாலுவுக்கு,

நூறு வயசு இரு! இரண்டே நிமிஷம். கண்ணை மூடினேன், தொட்டியடியில் நான்கு பேரும் நின்றார்கள்.

அய்யாதுரை திங்கட்கிழமைதான். வேறு வழியே இல்லை. திங்கள் அம்மா வரமாட்டாள், அம்மாவுக்கு முன்னால் தேவானை வரமுடியாது, டீச்சருக்கு முந்தின நாள் ஒருவர் நின்றாக வேண்டும். மிச்சம் அவர்தானே. இதை இங்கே நான்கு பேருக்குச் சொல்லிக் காட்டினேன். பக்கத்தில் படுப்பவர், "உன் தெருவுல தண்ணிக்கே இவ்ளோ சட்டமா?" என்றார்.

இன்னும் அனுப்பு. இதே ஆட்களை வைத்தே அனுப்பு. தேர்வு எழுதிவிடுவேன் என்று தோன்றுகிறது. சத்தம் போட்டுச் சொல்ல பயமாக இருக்கிறது, ஆனாலும் தோன்றுகிறது.

சாய்

15 மார்ச் 2024

அண்ணா,

ரூபீனா மேடம் உன்னை வந்து பார்த்திருப்பார். இருந்தாலும் நான்தான் எழுத வேண்டும். நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கோர்ட்டில் நானும் அம்மாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அரசு வக்கீல் எழுந்து ஒரு தாளை எடுத்தார். தூரத்திலிருந்தே தெரிந்தது, என் கையெழுத்து. அவர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு வரியைப் படித்தார்: "அய்யாதுரை அண்ணன் தனியாக நிற்பது எந்த நாள்?" பிறகு உன் கடிதத்தின் நகலை எடுத்தார்: "அய்யாதுரை திங்கட்கிழமைதான். வேறு வழியே இல்லை." அதற்குப் பிறகு சொன்னார், அய்யாதுரை அரசுத் தரப்பின் நான்காவது சாட்சி என்று.

எனக்குத் தெரியாது, அண்ணா. சாமி சத்தியமாகத் தெரியாது. சாட்சிகள் பட்டியல் அதுவரை நம் கைக்கு வரவே இல்லை.

ரூபீனா மேடம் கைடை எடுத்துக் காட்டினார். நானூற்றிப் பன்னிரண்டாம் பக்கம், அதே புதிர். ஜட்ஜ் ஐயா அதை நிதானமாகத்தான் படித்தார். கெட்ட மனிதர் இல்லை. "இதில் P என்று இருக்கிறது. அதை ஏன் அய்யாதுரை என்று மாற்றினார்கள்?" என்று கேட்டார். முகம் தெரிய வேண்டும் என்று மாற்றினோம் என்று மேடம் சொன்னபோது எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. சாட்சியின் பாதுகாப்பு என்று சொல்லி ஜாமீன் மனுவைத் தள்ளிவிட்டார். தேர்வு மனுவையும் தள்ளிவிட்டார்.

இன்னொன்று இருக்கிறது. உன்னிடம் மறைத்தால் என் நெஞ்சு வெடித்துவிடும். சாட்சிகள் வாக்குமூலம் இப்போதுதான் மேடம் கைக்கு வந்தது. அய்யாதுரை அண்ணன் போலீசிடம் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? "சத்தம் கேக்கற வரிக்கும் சாய் வண்டிய உட்டு எறங்கவே இல்ல, கேட்டதும் அழுதுக்கினே ஓடிட்டான்." உனக்காக ஒரு வார்த்தை சொன்ன ஒரே ஆள் அவர்தான். போலீஸ் வந்து உன் கடிதத்தைக் காட்டியிருக்கிறது. மறுநாளே இஸ்திரி வண்டியைப் பூட்டிவிட்டு ஆதம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். நான் போய்க் காலில் விழுகிறேன் என்றேன். மேடம் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பக்கமே போயிடாதம்மா, சாட்சியை மிரட்டினதா உன்மேலயும் கேஸ் வரும்" என்றார். இனி அவர் கூண்டில் ஏறி என்ன சொல்வார், வருவாரா என்பதே தெரியாது என்கிறார்.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

மாலு

2 ஏப்ரல் 2024

மாளவிகாவுக்கு,

திட்டச் சொன்னாய்.

பேர் போடச் சொன்னது நான்தான். அந்தப் பேரைப் போடு என்று நான் சொல்லவில்லை. தெருவில் நாற்பது வீடு இருக்கிறது. அவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று நீயே அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய். ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? உனக்கு எல்லாம் விளையாட்டு. வாசலில் பொத்தான், கடிதத்தில் தெரு.

பிளாக்கை மாற்றிவிட்டார்கள். இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை, சாட்சிக்குத் தேதி குறித்தவன் என்று பேர். போன வீடியோவில் ஜட்ஜ் ஐயா பேசியது நன்றாகக் கேட்டது. மைக்கைச் சரி செய்துவிட்டார்கள். "பதினைந்து நாள்" என்றுதான் சொல்கிறார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதைப் புரிந்துகொள்ளவா நான் சட்டம் படிக்க ஆசைப்பட்டேன் என்று வெட்கமாக இருக்கிறது.

இனி புதிர் அனுப்பாதே. கட்டமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். அம்மாவைப் பார்த்துக்கொள்.

சாய்நாத்

20 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை முதலில் படிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். இதில் புதிர் இல்லை. எங்கள் மூன்று பேரைத் தவிர யாருடைய பேரும் இல்லை. கிழமைகளும் இல்லை.

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஒரு மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன். கோபமாக இருந்தபோது கொஞ்சம் நன்றாக இருந்தது, வேலைக்குப் போக முடிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. நீ எழுதியது சரிதான். யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

தேர்வு நடந்து முடிந்துவிட்டது. எந்த நாள் என்று எழுதவில்லை, உனக்குத் தெரியும். அன்று அம்மா காலையில் எழுந்து குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஊர்ச் செய்தி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை, அண்ணா. ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஒருவர் வீடு மாற்றுகிறார். இருவர் தண்ணீருக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். இப்படி எழுதினால் உனக்கு என்ன தெரியும்? பேரும் நாளும் இல்லாமல் ஒரு தெருவை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். வேளச்சேரி ரயிலில் ஒருவரைப் பார்த்தேன். நான் தேடிப் போகவில்லை, ஐயா, கடை வேலையாகப் போனேன். எனக்கு எதிர்ப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றார். நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். அடுத்த ஸ்டேஷனில் அவசரமாக இறங்கிவிட்டார். அது அவர் இறங்க வேண்டிய ஸ்டேஷன் இல்லை. என்னைப் பார்த்து ஒரு மனுஷன் பயந்து ஓடினார், அண்ணா. நான் எழுந்து நிற்கக்கூட இல்லை.

வழக்கு முடிகிறவரை நான் உனக்கு எழுதாமல் இருப்பதுதான் நல்லது என்று வக்கீல் மேடம் சொல்கிறார். எப்போது முடியும் என்று கேட்டேன். மூன்று வருஷம் ஆகலாம், நான்கும் ஆகலாம் என்றார். அம்மா மட்டும் மனு போட்டு வந்து உன்னைப் பார்ப்பாள். அவளுக்கு எழுதத் தெரியாது என்பது நல்லதாகப் போயிற்று.

இதற்குப் பதில் போடாதே. போட்டாலும் நான் பிரிக்கமாட்டேன். உன்னை வெளியே கொண்டுவரத்தான் எழுதினேன். என் கையெழுத்துதான் உன்னை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. உனக்கு இனி நான் செய்யக்கூடிய ஒரே நல்லது எழுதாமல் இருப்பது. அதைச் செய்கிறேன்.

மாலு