செருப்போடு வந்த கனவு

ஜாதவ்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள என்னங்க,

நான் இங்கே நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

நேற்று வகுப்பில் சின்னதாக ஒன்று நடந்தது. பயப்பட ஒன்றுமில்லை. பேராசிரியை சந்திரிமா ஒரு பழைய ஆங்கிலக் கவிதையை நடத்திக்கொண்டிருந்தார். கனவில் காதலி வருகிறாள், கவிஞர் அணைக்கப் போகும்போது விழித்துவிடுகிறார், அவளைக் காணோம். ராத்திரி தூங்குவதில்லையோ என்று நினைக்காதீர்கள், மத்தியானச் சோறு கொஞ்சம் கனம், கண் அயர்ந்துவிட்டேன். உடனே கனவில் நீங்கள் வந்தீர்கள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நேரே உள்ளே வந்தீர்கள்.

"மொதல்ல செருப்ப வெளிய விடுங்க! இப்பத்தான் வீடு தொடச்சேன்!" என்று கத்திவிட்டேன். வகுப்பு முழுக்கக் கேட்டது.

"என்ன சொன்னே வசுமதி?" என்றார் தமிழ் தெரியாத பேராசிரியை. இருபது வயதுப் பிள்ளைகள் நடுவே எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னேன். சிரிப்பு அடங்கவே இல்லை.

"கவிஞரோட காதலி வாயே தெறக்கல. அது கனவு. நீ சொன்னது கல்யாணம்" என்றார் அவர்.

நானும் சிரித்தேன். ஆனால் விழித்ததும் முதலில் வாசல் பக்கம்தான் பார்த்தேன்.

ஓர் உதவி. சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது. இங்கே லேக் மார்க்கெட்டில் நம்மூர்க் கடைகளில் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கிறது. இருந்தாலும் நம் வீட்டுப் பொடிதான் வேண்டும். கூரியரில் போடாதீர்கள், சிந்திவிடும். பூஜை விடுமுறையில் ரயிலேறி நீங்களே எடுத்து வந்துவிடுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
வசுமதி