மெஷினில் வைத்த குங்குமம்

அக்டோபர் 14, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. அம்பத்தூர் கம்பெனியில் இன்று தையல் மெஷின்களைப் பெட்டியில் அடைத்தோம். நம்ம நாட்டுத் துணிக்கு அமெரிக்காவில் வரியை ஏற்றிவிட்டார்கள். நாங்கள் தைத்த அதே சட்டையை இனிமேல் கென்யாவில் தைக்கப் போகிறார்கள். முதலாளி அங்கே கூட்டாளி பிடித்துவிட்டார். மெஷின்கள் கப்பலேறுகின்றன. எங்களுக்குத் தீபாவளியோடு வேலை முடிகிறது.

என் மெஷினில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. "தொடச்சிடும்மா, க்ளீனா போணும்" என்றார் மேனேஜர். ஈரத்துணி எடுத்தேன். பக்கத்து மெஷின் ஜமீலா அக்கா என் கையைப் பிடித்தார். ஒவ்வொரு பூஜைக்கும் பூந்தமல்லியிலிருந்து என் மெஷினுக்கும் சேர்த்துப் பூ வாங்கி வருகிறவர்.

"ஃபுல்லா தொடைக்காதடி. அங்க உக்காரப் போற பொண்ணுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்."

அந்தப் பெண் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? முகம்கூடத் தெரியாது. ஆனாலும் அழுத்தித் துடைத்தேன். துளி மிச்சம் வைக்கவில்லை. அக்கா என் கையை விட்டுவிட்டுத் தன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து தட்டெடுத்தபோதுதான் பார்த்தேன், நகக்கண்ணில் சிவப்பு ஒட்டியிருந்தது. கை கழுவ மனசு வரவில்லை. ஸ்பூனால் சாப்பிட்டேன்.