கடலின் மேல் கொடுவா

“ஹாதி அத்தா, மீன் கொழம்பு மூடி வச்சிருக்கேன். நீங்களே சாப்பிடுங்க, எனக்கு வேணாம். ஹாதி பள்ளிக்கூடம் விட்டு வந்தா தயிர்சோறு குடுங்க. நான் கருவடிக்குப்பம் அம்மா வூட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது.”

இவ்வளவு எழுதுவதற்குள் கனீஸ் பாத்திமாவுக்கு மீன் நாற்றத்தில் மறுபடியும் குமட்டியது. கணவர் அன்வருதீன் காலையில் கொடுவா மீனைச் சுத்தம் செய்ய விரித்தது, அவள் மூன்று வாரமாக வரைந்த கடல். கேட்டதற்கு, “மீன்காரம்மா விரிக்கிற நீலத்தாள்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

சீட்டில் மேற்கொண்டு எழுதினாள்: “இந்த வூட்டுல எனக்குன்னு இருக்கறது படம் வரையற அந்த ஒரு மணி நேரம்தான். அது மேல கொடலக் கொட்டி வச்சிருக்கீங்க. சீ! கண்ண எங்க வச்சிருந்தீங்க?”

குப்பையில் போடுவதற்காக, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாளை விரல் நுனியில் தூக்கினாள். ஜன்னல் வெயில் பட்டதும் கை நின்றது. ஈரத்தில் இளகிய நீலத்தில் செதில்கள் ஒட்டியிருந்தன. உச்சி வெயிலில் கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தால் தண்ணீர் மினுங்குமே, வெள்ளையை எவ்வளவு குழைத்தும் அவளுக்கு வராத அந்த மினுக்கம் நாறிக்கொண்டு கிடந்தது. அவள் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

தாளை மாடியில் காயப்போட்டுவிட்டு வந்தாள். சீட்டின் அடியில் கொஞ்சம்தான் இடம் இருந்தது. நெருக்கி எழுதினாள்:

“தாளு மாடியில காயுது. நாத்தம் கொடலப் புடுங்குது, இருந்தாலும் தொடாதீங்க. சாயங்காலமே வந்துடுவேன். நாளைக்கும் கொடுவாவே வாங்குங்க. செதில மட்டும் எனக்கு எடுத்து வைங்க. வேற தாள்ல.”