பதினோராவது கேள்வி

இன்று காலை எங்கள் மலை ஆஸ்பத்திரி வராந்தாவில் கணக்கெடுப்புப் பெண் ஒருத்தி மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். இருதய நோய் ஆய்வாம். அவள் படிவத்தைச் சும்மா வாங்கிப் புரட்டினேன். பதினோராவது கேள்வி: 'சந்தைக்கு ஏறும்போது வழியில் எத்தனை முறை உட்காருவீர்கள்?' பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், கேள்வியை உருவாக்கியவர் என்று உன் பெயர். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் காரியத்துக்குக்கூட நான் வரவில்லை. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்ததும் பழைய கோபம் அப்படியே கிளம்பியது.

எம்.டி. இரண்டாம் வருஷம். வார்டும் வேண்டும், ஆராய்ச்சியும் வேண்டும் என்று நம் இருவருக்கும் பேராசை. ஹாஸ்டல் மெஸ்ஸில் தோசையைப் பிய்த்துக்கொண்டே நீதான் யோசனை சொன்னாய். "ரெண்டையும் ஒருத்தியே பாத்தா தாங்காதுடி. ஒருத்தி வார்டுல, ஒருத்தி ஆய்வுல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்திக்குவோம். பேரு மட்டும் எப்பவும் ரெண்டு பேருதும் சேந்தே வரோணும்." நான் முதலில் வார்டை எடுத்துக்கொண்டேன். மாற்றிக்கொள்ளும் நாள் வரும்போதெல்லாம் உனக்கு ஏதாவது ஓர் அத்தியாயம் முடியாமல் கிடக்கும். உன் டூட்டியையும் சேர்த்து நானே பார்த்தேன். முட்டாள் மாதிரி சந்தோஷமாகப் பார்த்தேன்.

இந்த மலையில் எடப்புளி நாடு என்கிற ஊர்த்தொகுதியில் முகாம் போட்ட ஞாயிற்றுக்கிழமை உனக்கு உதவியாக நானும் வந்தேன். "மூச்சு வாங்குதாங்க?" என்று நீ கேட்டாய். வந்தவர்கள் எல்லாரும் "இல்லீங்க" என்றார்கள். மத்தியானத்துக்குள் நீ சோர்ந்துவிட்டாய். என் பக்கம் வந்த ஓர் அம்மாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், வால்வு கெட்டிருப்பது சத்தமாகவே கேட்டது. சந்தைக்குப் போவீர்களா என்று பேச்சுக் கொடுத்தேன்.

"போவேனுங்க. சோளக்காட்டுச் சந்தைக்கு ஏர்றதுக்குள்ள நாலு தடவ உக்காந்துருவேனுங்க."

"அப்ப மூச்சு வாங்குதில்லீங்களா?"

"அது மலைங்க, சாமி. நோவு இல்லீங்க."

மூச்சிரைப்பது மலையின் குணமாம், தன் உடம்பின் குறை இல்லையாம். உன் படிவத்தின் பின்பக்கத்தில் 'வழியில் எத்தனை முறை உட்காருவீர்கள்?' என்ற புதுக் கேள்வியை என் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். நீ அத்தனை பேர் முன்னால் என்னைக் கட்டிக்கொண்டாய்.

கட்டுரை வந்தது. உன் பெயர், நம் பேராசிரியர் பெயர். என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், ஜீப் டிரைவருக்கு அடுத்து. அவர் பெயர் முன்னெழுத்தோடு ஒழுங்காக இருந்தது. என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். கேட்டதற்கு நீ சிரித்தாய். "நீ வார்டுக்காரிடி. உனக்கு எதுக்குக் கட்டுர?" நான் வார்டுக்காரி ஆனது யாருக்காக? உனக்கு ஆராய்ச்சிப் பதவி கிடைத்தது. எனக்கு இந்த மலை கிடைத்தது.

இங்கே வந்த பிறகுதான் உன் கேள்வியில் ஓட்டை இருப்பது தெரிந்தது. என் கேள்வியில் என்றுதான் சொல்ல வேண்டும். கூடை சுமக்கும் ஒருத்தி சொன்னாள்: "உக்காரவே மாட்டேனுங்க. கூடைய எறக்குனா மறுபடி யாருங்க தூக்கி உடுவா? அங்கங்க நின்னுக்குவேனுங்க." ஆக, தலையில் சுமை உள்ளவர்கள், அதிலும் தனியாகப் போகிறவர்கள், உன் படிவத்தில் நல்ல ஆரோக்கியசாலிகள்! உனக்கு எழுத ஃபோனை எடுத்தேன். நாலு வரி அடித்தேன், அழித்தேன். நீயே ஒரு நாள் பலர் முன்னால் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும் என்று இருந்தேன். நீ மாட்டவே இல்லை. அது தெரியாமலே போய்விட்டாய்.

இன்று அந்தக் கணக்கெடுப்புப் பெண்ணின் முன்னால் குச்சிக்கிழங்குக் கூடையோடு ஓர் அம்மா வந்து நின்றாள். உதடு நீலம் பூத்திருக்கிறது. கால் வீங்கியிருக்கிறது. எத்தனை முறை உட்காருவீர்கள் என்றதற்கு, "உக்கார மாட்டேனுங்க கண்ணு" என்றாள். அந்தப் பெண் பூஜ்யம் போட்டாள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அத அடிச்சிரு கண்ணு. சுமையோட போனா எத்தன எடத்துல நிப்பீங்கன்னு கேளு."

"ஏழெட்டு எடத்துல நிப்பேனுங்க" என்று அந்த அம்மாவே பதில் சொல்லிவிட்டாள்.

"ஃபார்ம்ல அப்படி இல்லீங்களே மேடம். யாரு மாத்தச் சொன்னாங்கன்னு ஆபீஸ்ல கேப்பாங்க" என்றாள் அந்தப் பெண்.

என் பெயரைச் சொல்ல நாக்கு துடித்தது, பொய் சொல்ல மாட்டேன். "இந்த அம்மா சொன்னாங்கன்னு எழுது. பேரக் கேட்டு எழுது, முன்னெழுத்தோட" என்றேன். பிறகு அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே படுக்கைக்குக் கூட்டிப்போனேன்.

உன் மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. 'போனவள் மேல் என்ன கோபம், இறக்கி வை' என்று எல்லாரும் சொல்கிறார்கள். இறக்கலாம். ஆனால் நம் இருவருக்குள் நடந்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இறக்கினால் மறுபடி தூக்கிவிட நீ இல்லையே. அதனால் அங்கங்கே நின்றுகொள்கிறேன்.